3142-ஆம் நம்பர் கதவு

கேட்டிலேயே யேசுதாஸின் நகவெட்டியைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள்.

"இன்னா தலைவா, இத்த வெச்சி உங்க ஃபேக்டரியையே அறுத்துக்கினு பூடுவேனா?"

காவலாளி மணிகண்டன் சிரிக்கிற ஜாதி இல்லை. "பென்டிரைவ், லேப்டாப், கூரான பொருள், எதுவும் உள்ளயும் போவாது, வெளியவும் வராது. ரூல்ஸ்." நகவெட்டியை ஒரு கவரில் போட்டு நம்பர் எழுதினார். ஸுப்ரஜாவின் லேப்டாப்புக்கு மேனேஜர் கொடுத்திருந்த அனுமதிச் சீட்டை மூன்று தடவை படித்தார். அவள் கைப்பையைக் கவிழ்த்துக் கொட்டி, பேனா மூடியைக்கூடக் கழற்றிப் பார்த்தார். கடைசியில் யேசுதாஸின் தோளில் தொங்கியதைப் பார்த்துவிட்டு, "சாப்பாட்டுப் பையா? போங்க" என்று கையை ஆட்டினார்.

"புளி சோறு தலைவா. அதுவும் ஒரு ஆயுதந்தான், என் பொண்டாட்டி செஞ்சா."

அதற்கும் சிரிப்பில்லை. மனுஷன் கல்.

யேசுதாஸ் இருபத்தெட்டு வருஷம் கல்கத்தா ரோட்டில் லாரி ஓட்டியவர். முதுகெலும்பு 'போதும்யா' என்று சொன்ன பிறகு, திருவள்ளூர் தேரடியில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கும் ஸுப்ரஜாவுக்குக் கார் ஓட்ட வந்தார். வந்த நாளிலிருந்து வாய் மூடவில்லை. ஸுப்ரஜா கோயில் கைங்கர்யக் குடும்பத்துப் பெண். பத்து வருஷம் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் குப்பை கொட்டிவிட்டு, போதுமென்று சொந்த ஊருக்கே திரும்பி வந்தவள். இரண்டு பேருக்கும் ஒத்துப்போகிற ஒரே விஷயம் காபி. அதிலும் சர்க்கரையில் சண்டை.

தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில், கார் ப்ரேக்குக்கு உதிரி பாகம் செய்கிற தொழிற்சாலை அது. மேனேஜர் சந்திரமோகன் உட்காரச் சொல்லும் முன்பே பேச ஆரம்பித்துவிட்டார்.

"திருட்டு கேஸ் மேடம். லைன்ல பன்னெண்டு கேமரா மெஷின் இருக்கு. ஒவ்வொரு பார்ட்டையும் போட்டோ எடுத்து நல்லதா கெட்டதான்னு சொல்லும். எல்லாம் லினக்ஸ்ல ஓடற கம்ப்யூட்டர். அதுங்களுக்கு வேண்டிய சாஃப்ட்வேர் பேக்கேஜ் எல்லாம் ஒரு ப்ராக்ஸி பெட்டி வழியாத்தான் வரும். அந்தப் பெட்டியைக் காணோம். பதினெட்டு நாளாச்சு. ரெண்டாவது லைன் சுத்தமா படுத்துடுச்சு."

"யார் மேல சந்தேகம்?" என்றாள் ஸுப்ரஜா.

"சந்தேகமே இல்ல. அன்புராஜ்னு ஒருத்தன், எங்க சிஸ்டம் அட்மின். சர்வர் ரூம் சாவி அவன்கிட்டதான். பெட்டியோட நம்பர், பில்லு எதுவுமே ஸ்டோர்ஸ்ல இல்ல. அதையும் அழிச்சிருக்கான் பாருங்க."

"ஆள் எங்க சார், எஸ்கேப்பா?" என்றார் யேசுதாஸ்.

"செத்துட்டான். ஞாயித்துக்கிழமை, காலையில பதினோரு மணி. புதுவாயல் ஜங்ஷன்ல பைக்ல போறப்ப லாரி அடிச்சிடுச்சு."

லாரி என்றதும் யேசுதாஸின் வாய் தானாக மூடிக்கொண்டது. அந்த ஜங்ஷனை அவருக்குத் தெரியும். எத்தனையோ தடவை ப்ரேக்கை மிதித்து, சாமி பேரைச் சொல்லித் தாண்டிய இடம்.

"எங்க போய்க்கிட்டிருந்தானோ, யாருக்குத் தெரியும்? அவன் சம்சாரம் ஆபீஸ் வேலையா போனார்னு போலீஸ்ல சொல்லியிருக்கு. ஞாயித்துக்கிழமை நாங்க யாரையும் வரச் சொல்லல. வேலை ஜாஸ்தின்னு அவனுக்கு ரொம்ப நாளா முணுமுணுப்பு. அன்னைக்குக் காலையிலகூட, ரெண்டாவது லைன் மெஷின் திங்கக்கிழமை ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டுக்கு ஓடியே ஆகணும்னு போன்ல கொஞ்சம் சத்தம் போட்டேன். 'செஞ்சிடறேன் சார்'னு பவ்யமா சொன்னான். பெட்டியைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டு எப்படி நடிச்சிருக்கான் பாருங்க." மேஜை மேல் ஒரு தாளைத் தட்டினார். "புகார் ரெடி. சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கையெழுத்துப் போட்டு ஸ்டேஷனுக்கு அனுப்பறேன். அதுக்குள்ள எங்க வித்தான்னு கண்டுபிடிச்சா அதையும் சேர்த்துடலாம்."

செத்தவன் மேல் திருட்டுப் புகார். நல்லா இருக்குடா உங்க நியாயம் என்று யேசுதாஸ் மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

ஸுப்ரஜா போய் முதல் லைனில் ஒரு கேமரா மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். நாலு வார்த்தை தட்டினாள். சிவப்பில் ஒரு வரி வந்தது.

"இன்னா மேடம் சொல்லுது?"

"பன்னெண்டு மெஷினும் ஆளுக்கொரு தரம் வெளியில போய் பேக்கேஜ் வாங்கிண்டு வர வேண்டாம்னு நடுவுல ஒரு பெட்டி வெக்கறது. முதல் மெஷின் கேட்டதை வாங்கித் தன்கிட்ட வெச்சுக்கும். அடுத்த மெஷின் அதையே கேட்டா கையில இருக்கறதை எடுத்துக் கொடுத்துடும்."

"மளிகைக் கடை."

"ஆமா. கதவு நம்பர் 3142. இப்போ கடை சரக்கு கொடுக்கலைன்னா அதுக்கு மூணு காரணம் இருக்கலாம். வாசல்ல ஆள் நின்னு 'உனக்குக் கிடையாது'ன்னு சொன்னா அதுக்கு ஒரு பதில் வரும். கடை இருந்து ஷட்டர் போட்டிருந்தா வேற பதில். இங்க வந்திருக்கறது மூணாவது. 'அந்த விலாசத்துக்கு வழியே இல்லை.'"

"கடையே இல்ல. காலி மனை."

"கம்பெனியைப் பழிவாங்கணும்னு நினைக்கறவன் ஷட்டரை இழுத்துவிட்டுட்டுப் போவான். யாராலயும் சட்டுன்னு கண்டுபிடிக்க முடியாது. கடையையே எதுக்குப் பேத்து எடுத்துண்டு போகணும்?"

"விக்கறதுக்குன்னு மேனேஜர் சொல்றாரே."

ஸுப்ரஜா மறுபடி மெஷின் பக்கம் திரும்பினாள். ஒவ்வொரு மெஷினும் தான் என்ன கேட்டது, என்ன கிடைத்தது என்று நேரத்தோடு எழுதி வைத்திருக்கும். அதைத் திறந்து மேலே மேலே தள்ளிக்கொண்டே போனாள். ஒரு இடத்தில் அவள் விரல் நின்றது.

"தாஸ் அண்ணா, பெட்டி எத்தனை நாளா காணோம்னார்?"

"பதினெட்டு."

"இந்த மெஷின் அரை மணிக்கொரு தரம் கடைக்கதவைத் தட்டறது. ராத்திரி பூரா 'வழியே இல்லை'. காலையில ஒம்பதுக்கு மேல பதில் வருது. சாயங்காலம் ஆறு மணிக்கு மறுபடி 'வழியே இல்லை'. அந்தப் பதினெட்டு நாளுக்கு முன்னாடி ஒரு வருஷம் பூரா இப்படித்தான். ராத்திரி ராத்திரி பெட்டி காணாமப் போய், காலையில திரும்பி வந்துண்டிருந்திருக்கு."

"ஷிஃப்ட்டுல வேலை செய்யுதா பெட்டி?"

"மேனேஜர் கொடுத்தாரே அன்புராஜோட வருகைப் பதிவேடு, அதை எடுங்கோ. டிசம்பர்ல பெரிய மழை பெஞ்ச அன்னைக்கு எத்தனை மணிக்கு வந்தார்?"

யேசுதாஸ் விரலால் தேடினார். "பதினொண்ணு இருவது. 'கம்பெனி பஸ் லேட்'னு எழுதிக்குது."

"அன்னைக்குப் பெட்டி பதில் சொன்னது பதினொண்ணரைக்கு. பிப்ரவரியில அவர் ரெண்டு நாள் லீவு. அந்த ரெண்டு நாளும் பெட்டி வாயே திறக்கலை."

யேசுதாஸுக்கு இப்போதுதான் விளங்கியது. "அடக் கடவுளே. பெட்டி அவரு கூடவே பஸ்ஸுல வந்துக்கினு போய்க்கினு இருந்திருக்குது."

சர்வர் ரூமில் தரை துடைத்துக்கொண்டிருந்த சாராள் அதை உறுதிப்படுத்தினாள். மூலையில் ஒரு மரப்பலகை, அதன் மேல் சொருகாமல் கிடக்கும் ஒரு கேபிள். "பகல்ல அங்க துண்டு போட்டு மூடி எதுவோ இருக்கும்ண்ணா. சாயங்காலம் நான் தொடைக்க வரப்ப பலகை காலியா கெடக்கும். அன்பு சார் ஊட்டுக்கு எடுத்துக்கினு பூடுவாரு."

"இத்த ஏம்மா யாருக்கும் சொல்லல?"

"என்னை யாரும் கேக்கலியே."

அப்படியானால் கேட்டை எப்படித் தாண்டியது? மணிகண்டனிடம் போய்க் கேட்டார்கள். அவருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "அன்பு சார் பையத் தெனம் ரெண்டு வாட்டி கொட்டிப் பாத்துருக்கேன் மேடம். கம்ப்யூட்டர் ஆளாச்சே, விடுவனா? ஒரு ஒயரு கூடப் போனதில்ல." பேச்சோடு பேச்சாக, சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போன நாலு பேருக்குத் தலையாட்டி வழிவிட்டார்.

"செவ்வாப்பேட்டைக்கு விடுங்கோ, அன்புராஜ் வீட்டுக்கு" என்றாள் ஸுப்ரஜா, காரில் ஏறிக்கொண்டே. மணி பன்னிரண்டரை.

ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் இரண்டாவது தெரு. வீட்டைக் காட்டிய பெட்டிக்கடைக்காரர், "யாரு, அந்தக் கம்பெனியில திருடிட்டான்னு சொல்றாங்களே, அவன் ஊடா?" என்று கேட்டார். யேசுதாஸ் அவரை முறைத்த முறைப்பில் மனுஷன் உள்ளே போய்விட்டார்.

அன்புராஜின் மனைவி செல்விக்கு இருபத்தாறு வயசு இருக்கும். கதவைத் திறந்தவள், இவர்களைப் பார்த்ததும் ஒதுங்கி நின்றாள்.

"வாங்க. பீரோ அங்க கீது. நல்லா தேடிக்கோங்க. போன வாரம் கம்பெனியிலேர்ந்து வந்தவங்க ஒண்ணு விடாம கொட்டிப் பாத்தாங்க. என் துணிமணியெல்லாம் வாசல் வரைக்கும் கெடந்துச்சு. தெருவே நின்னு வேடிக்கை பாத்துச்சு."

"நாங்க தேட வரலை செல்வி" என்றாள் ஸுப்ரஜா. "கேக்கத்தான் வந்தோம்."

அவள் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். "இன்னா கேக்கப்போறீங்க? அவரு ஒரு குண்டூசி கூட எடுத்தாந்தது இல்லக்கா. கம்பெனி பேனாவ தெரியாம பாக்கெட்டுல வெச்சினு வந்துட்டா, மறுநாள் மறக்காம எடுத்துக்கினு போவாரு. எனக்கு அவுங்க ஒண்ணும் தர வேணாம். அவரு திருடல, அதொண்ண மட்டும் யாராச்சும் சொன்னாப் போதும். இந்தத் தெருவுல நான் தல நிமிந்து தண்ணி புடிக்கணும்."

"ராத்திரியில வீட்டுல என்ன வேலை பார்ப்பார்?"

"நெட்டுல இன்னாமோ எறக்கிக்கினு இருப்பாரு. பன்னெண்டு, ஒண்ணு ஆயிடும். பக்கத்துல ஒரு டப்பா லைட்டு போட்டுக்கினு இருக்கும். மோடம்னு நெனச்சேன். வந்தவங்க அத்தத்தான் கேட்டாங்க. இங்க இல்லியே."

"அந்த ஞாயித்துக்கிழமை?"

"ஏழரைக்குப் போன் வந்துச்சு. கொஞ்ச நேரம் ரூம்ல இருந்தாரு. ஒம்பதே காலுக்கு பைக் எடுத்தாரு. 'ஆபீஸ்ல ஒரு சின்ன வேலை, ரெண்டு மணிக்குள்ள வந்துடறேன், கறிய அடுப்புலயே வெய்யி, சூடா சாப்புடலாம்'னாரு." அடுப்பு இருந்த பக்கம் பார்த்தாள். "வெச்சிருந்தேன்க்கா. மூணு மணி வரைக்கும் அடுப்புலதான் வெச்சிருந்தேன்."

யேசுதாஸால் அங்கே நிற்க முடியவில்லை. தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையல்கட்டுப் பக்கம் நகர்ந்தார். மேடை மேல் சர்க்கரை டப்பாவை நோக்கி எறும்புகள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. அதற்கு நேர் மேலே ஆணியில் ஒரு நீலப் பை தொங்கியது. ஒரு பக்கம் தார் ரோட்டில் தேய்ந்து கிழிந்திருந்தது.

"இது இன்னாம்மா?"

"அவரு சாப்பாட்டுப் பை. பர்ஸு, ஹெல்மெட்டோட போலீஸ்காரங்க குடுத்தாங்க. நான் தெறக்கவே இல்ல." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "தெறந்தா அவரு சாப்புடாத சோறு இருக்கும்ல. என்னால முடியாதுண்ணா. வந்தவங்களும் எல்லாத்தையும் கொட்டினாங்க, அத்த மட்டும் தொடல."

யேசுதாஸ் எறும்பைப் பார்த்தார். பையைப் பார்த்தார். மூக்கைக் கிட்டே கொண்டுபோனார். அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் லாரியில் மறந்துபோன சோறு இரண்டாம் நாள் என்ன செய்யும் என்று நன்றாகத் தெரியும்.

"மேடம்" என்றார். குரல் அவருக்கே புதுசாக இருந்தது. "பதினெட்டு நாளு. இந்த வெயிலு. ஒரு எறும்புகூட இதுல ஏறல. நாத்தமும் இல்ல. அதுவும் இல்லாம, மதியம் ஊட்டுக்கு சாப்புட வரேன்னு சொன்ன ஆளு எதுக்கு சாப்பாட்டுப் பைய எடுத்துக்கினு போறாரு?"

ஸுப்ரஜா எழுந்து நின்றுவிட்டாள். "அண்ணா, காலையில கேட்டுல உங்க புளி சோத்தை யாராவது திறந்து பார்த்தாளா?"

"சோத்துப் பையில எவன் கைய வுடுவான்..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நிறுத்திக்கொண்டார்.

பையை செல்வியேதான் இறக்கினாள். உள்ளே சதுரமான எவர்சில்வர் டப்பா. ஒரு மூலை நசுங்கி மூடி இறுகிப்போயிருந்தது. யேசுதாஸ் கரண்டிக் காம்பால் மெதுவாக நெம்பினார். உள்ளே கிளிப்பச்சைத் துணி, நாலாக மடித்துச் சுற்றியது. அதற்குள் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்புக் கம்ப்யூட்டர். ஒரு கீறல் இல்லை.

செல்வி கம்ப்யூட்டரைப் பார்க்கவில்லை. துணியை எடுத்து விரித்தாள்.

"என் பொடவக்கா. யாரு கிழிச்சதுன்னு எவ்ளோ சண்ட போட்டேன் தெரியுமா? எலி கடிச்சிடுச்சுன்னு சொன்னாரு. ரெண்டு நாளு பேசலக்கா நானு, இதுக்காவ ரெண்டு நாளு பேசல." அந்தத் துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். ஸுப்ரஜா பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். வெளியே மின்சார ரயில் ஒன்று போய், இன்னொன்றும் போனது.

மூன்று பேருமாகக் கிளம்பினார்கள். பெரியபாளையம், ஆரணி தாண்டி புதுவாயல் ஜங்ஷன் வந்தபோது யேசுதாஸ் வேகத்தைக் குறைத்தார். செல்வி கண்ணை மூடிக்கொண்டாள். கேட்டில் மணிகண்டன் ஸுப்ரஜாவின் பையை மறுபடியும் கொட்டினார். நீலப் பையை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

மணி நாலே முக்கால். சந்திரமோகன் கையில் பேனா இருந்தது.

"அஞ்சு நிமிஷம்" என்றாள் ஸுப்ரஜா. எல்லோரையும் சர்வர் ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மரப்பலகை மேல் அந்தச் சின்னப் பெட்டியை வைத்து, கிடந்த கேபிளைச் சொருகினாள். பச்சை விளக்கு எரிந்தது. லேப்டாப் திரையில் கேமரா மெஷின்கள் ஒவ்வொன்றாகக் கதவைத் தட்டின. ஒவ்வொன்றுக்கும் பதில் வந்தது.

சந்திரமோகன் வாயைப் பிளந்தார். "கிடைச்சிடுச்சா! யார்கிட்ட வித்திருந்தான்?"

"இது உங்க பெட்டி இல்லை சார். அவர் சொந்தக் காசுல வாங்கினது. ஸ்டோர்ஸ்ல நம்பர் இல்லைன்னேளே, எப்படி இருக்கும்? மெஷினுக்கு வேண்டியதை வெளியில இருந்து எடுக்க உங்க தலைமை ஆபீஸ் வழிவிடலைன்னு காலையில மெஷின்லயே பார்த்தேன். பெட்டி வாங்கித் தரச் சொல்லி அவர் உங்களைக் கேட்டாரா?"

சந்திரமோகன் பெட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நாலு தடவை மெயில் போட்டான். அடுத்த வருஷம் பார்க்கலாம்னேன். அப்புறம் கேக்கறதை நிறுத்திட்டான். எப்படியோ சமாளிச்சு வேற ஏதோ கணக்குல கம்பெனிக் காசுலயே வாங்கிட்டான்னு நினைச்சு விட்டுட்டேன்."

"இப்படித்தான் சமாளிச்சார். ராத்திரி முழிச்சு வீட்டு நெட்டுல எல்லாத்தையும் இந்தப் பெட்டியில இறக்குவார். காலையில சாப்பாட்டுப் பையில வெச்சுக் கொண்டுவந்து மாட்டுவார். சொந்தக் கம்ப்யூட்டர் கொண்டுவரக் கூடாதுங்கறது உங்க ரூல். அதனால திருடன் மாதிரி ஒளிச்சுக் கொண்டுவந்தார். திருடலை சார். உங்களுக்குக் கொண்டுவந்தார்."

அவள் திரையில் கடைசி வரியைக் காட்டினாள். "இது பெட்டியில கடைசியா ஏறினது. ஞாயித்துக்கிழமை காலையில எட்டு நாப்பது. என்ன பேக்கேஜ்னு படிங்கோ."

சந்திரமோகன் குனிந்து படித்தார். படித்த முகம் அப்படியே நின்றுபோயிற்று. "ரெண்டாவது லைன் கேமராவுக்குண்டானது. நான் போன்ல கேட்டது இதுதான்."

"ஃபர்ஸ்ட் ஷிஃப்ட் எத்தனை மணிக்கு?"

"ஆறு."

"கம்பெனி பஸ் வர்றது ஒம்பதுக்கு. ஆறு மணிக்கு மெஷின் ஓடணும்னா, அவர் எப்போ வந்திருக்கணும்?"

"நான் வரச் சொல்லலியே மேடம்" என்றார் சந்திரமோகன். ரகசியம் மாதிரி இருந்தது குரல். "வரச் சொல்லவே இல்லியே. ஓடணும்னுதான சொன்னேன்." பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். கையிலிருந்த புகாரைப் பார்த்தார். இரண்டாகக் கிழிக்கப் போனார்.

"கிழிக்காதீங்க சார்."

செல்வி குறுக்கே கையை நீட்டினாள். "அதுக்குப் பின்னாலயே எழுதுங்க. அன்புராஜ் திருடல, ஞாயித்துக்கிழமை கம்பெனி வேலையாத்தான் வந்தாருன்னு எழுதி, சீல் வெச்சி, கையெழுத்துப் போட்டுக் குடுங்க. நான் தெருவுல காட்டணும்."

எழுதினார். "நான் போன் செய்த காரணத்தால்" என்று அவராகவே ஒரு வரி சேர்த்தார். கொடுக்கும்போது அவளை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "அம்மா, கேக்க வாய் வரலை. இந்தப் பெட்டி, அந்த ரெண்டாவது லைன் மட்டும்..."

அடப்பாவி என்று சொல்ல வாயெடுத்த யேசுதாஸை செல்வி முந்திக்கொண்டாள்.

"முடியட்டும் சார். அவரு ஆரம்பிச்ச வேல. செஞ்சிடறேன்னு சொல்லிட்டு வந்தாரு."

சாராள் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டாள். செல்வி பலகைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பச்சை விளக்கு துடிப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள். முக்கால் மணி நேரம். இரண்டாவது லைன் கன்வேயர் ஓடத் தொடங்குகிற சத்தம் சுவரைத் தாண்டிக் கேட்டது. ஸுப்ரஜா தலையசைத்ததும் அவளே கேபிளைப் பிடுங்கினாள். பெட்டியைக் கிளிப்பச்சைத் துணியில் சுற்றி, நசுங்கின டப்பாவில் வைத்து மூடினாள்.

கேட்டில் ஷிஃப்ட் முடிந்த கூட்டம். மணிகண்டன் நகவெட்டிக் கவரைத் திருப்பிக் கொடுத்தார். ஸுப்ரஜாவின் சீட்டை மூன்று தடவை படித்தார். இந்த ஆளுக்கென்று காலையிலிருந்து யேசுதாஸ் ஒரு கேலியைத் தயாராக வைத்திருந்தார். இப்போது அது என்னவென்றே ஞாபகம் வரவில்லை.

செல்வியின் முறை வந்தது. மணிகண்டன் நீலப் பையைப் பார்த்தார்.

"சாப்பாட்டுப் பையா? போம்மா."

"ஆமாண்ணா" என்றாள் செல்வி. "அவரு சாப்பாட்டுப் பைதான்."

பையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.